அண்டா வம்சம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் நின்றுவிட்டன. தாமரை, சூரியோதயம், ஆவி பறக்கும் காபி எல்லாம் போயே போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது எங்கள் வீட்டு அண்டா வருகிறது. அண்டாவின் வாய், வாயின் விளிம்பு, விளிம்பில் மைதா தடவிய எழுத்து, எழுத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம், வட்டத்தைக் காட்டி ஓர் அம்புக்குறி. நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கோயம்புத்தூர் அண்ணி அனுப்பிய படத்தில் அண்டாவே இல்லை. வட்டமும் அம்பும் மட்டும் இருந்தன. அதற்கும் நாலு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

எல்லாம் அத்தை பேரன் செய்த வேலை. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பையன், தி.நகர் போனோமா, அப்பளம் வடாம் கட்டிக்கொண்டு விமானம் ஏறினோமா என்று இல்லாமல் பூர்விகம் தேடக் கிளம்பிவிட்டான். கிளம்பியவன் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நம்ம முன்னோர் காலத்துல கையால செஞ்ச பொருள் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

எங்கள் முன்னோர் தம் கையால் எதையும் செய்ததாக எனக்குத் தகவல் இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கடன் பத்திரத்தில். இதைச் சொன்னால் பையன் மனம் ஒடிந்துவிடுமே என்று பால்கனிப் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே அண்டா இருந்தது. அண்டாவுக்குள் பழைய பேப்பர், கொலுப்படிப் பலகை, கம்பி போன குடை, என் பெண் பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஒரு ஷீல்டு. பையன் எல்லாவற்றையும் எடுத்துக் கூடத்தில் பரப்பிவிட்டு அண்டாவைக் கட்டிக்கொண்டான். பரப்பியதை யார் திரும்ப எடுத்து வைத்தது என்பது இங்கே வேண்டாம்.

பிறகு செல்போனை என் முகத்துக்கு நேரே நிறுத்தி, "இந்த அண்டாவோட கதையைப் பத்து நிமிஷத்துல சொல்லுங்க மாமா" என்றான். நல்ல கதைதான். ஒரு மாட்டு வண்டி, ஒரு வெள்ளம், பந்தியில் ஒரு வாய்த்தகராறு மூன்றும் அதில் உண்டு. உங்களுக்கும் இன்னொரு நாள் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், இந்தப் பெயர் வெட்டுகிற விஷயத்தை ஒரு கை பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை புரியாது.

நம்மவர்களிடம் நிலத்துக்குப் பட்டா இருக்காது, டம்ளருக்கு இருக்கும். வீடு யார் பேரில் என்று மூன்று தலைமுறையாகக் கோர்ட்டில் அலைவார்கள். வீட்டுக்குள் கிடக்கும் ஜல்லிக் கரண்டி யார் பேரில் என்பதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் கிடையாது, காம்பைப் பார்த்தால் போதும். பாத்திரக் கடையில் பில் போட்ட கையோடு "பேர் வெட்டணுங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. அப்படிச் சொன்னால் திருட்டுப் பாத்திரம் என்று நினைத்துவிடுவார்களோ என்றே பலர் வெட்டிக்கொள்கிறார்கள்.

முன்பெல்லாம் சின்ன உளியும் சுத்தியுமாக ஒருவர் திண்ணைக்கே வந்து உட்கார்ந்து டிக் டிக்கென்று வெட்டுவார். இப்போது கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பையன் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறான். காதில் பாட்டு, கையில் 'ர்ர்ர்ர்'. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. இந்த எழுத்துக் கூலிதான் நம் குடும்ப வரலாறுகளைக் குட்டிச்சுவராக்கியது என்பது என் கட்சி. மீனாட்சிசுந்தரம் என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதர் விலையைக் கேட்டதும் 'மீ.சு.' ஆகிவிடுகிறார். ரவி முழுசாக ரவியாகவே இருக்கிறான். நூறு வருஷம் கழித்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் ரவிகள் மட்டும்தான் வாழ்ந்தார்கள் என்று தோன்றும். ஒருமுறை ஒரு பெரியவர், புள்ளி வைத்த எழுத்துக்கும் முழுக்காசு கேட்டதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். மெய்யெழுத்துக்குத் தொல்காப்பியரே அரை மாத்திரைதான் கொடுத்திருக்கிறார், நீ யாரய்யா முழுசாக வாங்க என்பது அவர் வாதம். கடைக்காரர் தொல்காப்பியர் எந்தக் கடை என்று கேட்டார். கடைசியில் பெரியவர் 'சுந்தர்' என்பதை 'சுந்தர' என்று வெட்டிக்கொண்டு போனார். புள்ளியை மிச்சம் பிடித்த திருப்தி முகத்தில் தெரிந்தது, கூலி என்னவோ அதேதான்.

அடுத்தது இனிஷியல். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற பாத்திரத்தில் அப்பா இனிஷியலா, புருஷன் இனிஷியலா? வாங்குகிற அன்று அவள் அப்பா பெண். கொடுக்கிற அன்று அடுத்த வீட்டு மருமகள். என் அக்கா கல்யாணத்துக்கு அப்பா எல்லாவற்றிலும் தம் இனிஷியலையே வெட்டிவிட்டார், காசு கொடுத்தவர் நான்தானே என்று. சம்பந்தியம்மாள் ஒரு குடத்தைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு நாங்கள் போனபோது எல்லாப் பாத்திரத்திலும் அப்பா இனிஷியலுக்கு இடதுபுறம் இருந்த நூலளவு இடத்தில் மாப்பிள்ளை இனிஷியல் ஒண்டிக்கொண்டிருந்தது. அந்த எவர்சில்வர் குடம் இன்னும் இருக்கிறது. தலைப்பெழுத்து இரண்டு, அதற்குப் பின் அக்கா.

தேதி வெட்டும் கோஷ்டி தனி. புதுமனை புகுவிழா, காதணி விழா, மணிவிழா எல்லாம் தேதியோடு டம்ளரில் உண்டு. நான் தினமும் காபி குடிக்கும் டம்ளரில் இருக்கும் தம்பதி யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கல்யாணம் 12-6-83 அன்று நடந்தது. என் சொந்தக் கல்யாண நாளை நான் மறப்பதும், முன்பின் தெரியாதவர்கள் கல்யாண நாளை மனப்பாடமாக வைத்திருப்பதும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பிரச்சினை.

மூடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்தப் பாத்திரத்துக்கும் அதன் மூடி அதே வீட்டில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. எங்கள் சமையலறையில் மூடிகள் முழுக்க வேற்றுக் குடும்பத்தார். குழம்புச் சட்டிக்கு மேல் 'பா.கோ.', மோர்ப் பாத்திரத்துக்கு மேல் 'ஜெ.' மட்டும். நம் மூடிகள் யார் வீட்டில் யாருடைய சாம்பாரை மூடிக்கொண்டிருக்கின்றனவோ.

இந்தத் துறையில் உச்சம் தொட்டவர் எங்கள் திருச்சி பெரியம்மா. இட்லித் தட்டின் ஓரத்தில் வெட்டினால் தேய்ந்துவிடும் என்று ஒவ்வொரு குழிக்குள்ளும் பெயரின் முதல் எழுத்தை வெட்டச் சொன்னவர். அதுவும் துணி போடாமல் எண்ணெய் தடவி ஊற்றுகிற எவர்சில்வர் தட்டு. அவர் வீட்டு இட்லியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் அந்த எழுத்து இடம்வலம் மாறி மெல்லிசாக மேலெழும்பி நிற்கும். சட்னி தொட்டுக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். எங்கள் பெரியப்பா நாற்பது வருஷம் முத்திரை குத்திய இட்லிதான் சாப்பிட்டார்.

சின்னச் சின்ன விஷயம் என்று சிரிக்க வேண்டாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போய் அதிட்டானத்தைச் சுற்றி ஒரு நடை வந்து பாருங்கள். 1010-ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடித்த ராஜராஜன், தான் கொடுத்த பொன் பாத்திரம் எது, அக்கா குந்தவை கொடுத்தது எது, ஒவ்வொன்றும் எத்தனை கழஞ்சு எத்தனை மஞ்சாடி, அதை நிறுத்த எடைக்கல்லின் பெயர் என்ன என்பது வரை வெட்டி வைத்திருக்கிறான். எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று நடராசர் பெயர். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டிருந்தால் சோழ நாடு அன்றே திவாலாகியிருக்கும். 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக நியமனமான ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் இவற்றையெல்லாம் படித்து அச்சேற்றினார். இன்றைக்கும் கல்வெட்டுத் துறையினர் ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி முறையாகப் படியெடுக்கிறார்கள். எங்கள் அத்தை பேரன் அரைக் கிலோ மைதாவில் காரியத்தை முடித்துக்கொண்டான். அந்த மைதா எறும்பை அழைத்து வந்தது, எறும்பு இன்னும் போகவில்லை.

ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ராஜராஜன் கொடுத்த பொன் பாத்திரங்கள் போன இடம் தெரியவில்லை, எழுத்து மட்டும் ஆயிரம் வருஷமாக நிற்கிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் குத்துக்கல்லாக நிற்கிறது, எழுத்துதான் ஒன்றும் விளங்கவில்லை.

அண்டாவில் இருப்பது இவ்வளவுதான். மேலே ஒரு 'உ'. அதன் கீழே 'சு ரா'. கொஞ்சம் இடம் விட்டு 'ய ரு'. அதற்குப் பிறகு ஒரு கீறல். அது எழுத்தா, யாராவது கரண்டியால் இழுத்ததா என்று ஈசனுக்குத்தான் வெளிச்சம்.

'சு.ரா.' எங்கள் கொள்ளுத் தாத்தாவின் அப்பா என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். தாலுகா ஆபீஸில் ரிடையரானவர், அவர் சொன்னால் அரசாணை. கோயம்புத்தூர்க் கட்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் கணக்கில் 'சு.ரா.' ஒரு கொள்ளுப்பாட்டி. 'ய.ரு.' விஷயத்தில்தான் எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள். 'ரு' என்றால் ருக்மணி. வேறென்ன இருக்க முடியும்? 'ய' அவள் அப்பா. யக்ஞநாராயணனாக இருக்கலாம், யதிராஜனாக இருக்கலாம். ஆக 'சு.ரா.'வின் மனைவி ருக்மணி. அவள் பிறந்த வீட்டுச் சீர் இந்த அண்டா. இரண்டே நாளில் ருக்மணிப் பாட்டிக்கு முகம் வந்துவிட்டது. நல்ல நிறமாம். கைமணம் பிரமாதமாம். பஞ்சக் காலத்தில் இந்த அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி ஊருக்கே ஊற்றினாளாம். எந்தப் பஞ்சம் என்று கேட்டேன். குழுவில் நான் எப்போதும் குறுக்கே பேசுகிறேன் என்று பதில் வந்தது. முழுகாமல் இருக்கும் தங்கை மருமகள், பெண் பிறந்தால் ருக்மணி என்றே வைக்கப் போகிறேன் என்று எழுத, அத்தனை பேரும் பூச்செண்டு அனுப்பினார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டுவது. அதில் தமிழ் எண்கள் இருக்கும். க என்றால் 1, உ என்றால் 2, ச என்றால் 4, ரு என்றால் 5, சு என்றால் 6, எ என்றால் 7, அ என்றால் 8, ய என்றால் 10. அச்சில் சின்ன வித்தியாசம் காட்டுவார்கள். உளிக்கு அந்த நாசூக்கு ஏது? 'ய ரு' என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பத்தும் ஐந்தும், பதினைந்து. பின்னால் இருக்கும் கீறல் 'வீ' ஆக இருக்குமானால், பதினைந்து வீசை. பாத்திரத்தின் எடை.

இதை நான் குழுவில் எழுதவில்லை. தங்கை மருமகள் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பதினைந்து என்று பெயர் வைக்கப் போகிறாள் என்பதை எப்படி எழுதுவது? முதலில் சரிபார்க்கலாம் என்று பழைய இரும்புக் கடைக்காரரை மாடிக்கு அழைத்தேன். ஒரு வீசைக்கு நாற்பது பலம். இன்றைய கணக்கில் 1 கிலோ 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. எட்டு வீசை ஒரு மணங்கு. 1956-இல் மெட்ரிக் எடைக்குச் சட்டம் போட்டு, 1960களின் தொடக்கத்துக்குள் வீசையைக் கடைத்தெருவை விட்டே துரத்திவிட்டார்கள். பதினைந்து வீசை என்றால் 21 கிலோ 250 சொச்சம் வரவேண்டும். கடைக்காரரும் அவர் ஆளுமாக அண்டாவைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினார்கள். 20 கிலோ 600.

அண்டாவுக்கு இரண்டு பக்கமும் வளையம் இருக்க வேண்டும். ஒன்றைக் காணோம். அந்த வளையம் அறுநூற்றைம்பது கிராம் இருந்திருந்தால் ருக்மணி இல்லை. வளையம் இலேசானது என்றால் ருக்மணி உண்டு. ஒரு குலமாதாவின் இருப்பும் இல்லாமையும் காணாமல் போன பித்தளை வளையத்தில் தொங்குகிறது. கடைக்காரருக்கு இதெல்லாம் ஏறவில்லை. "கிலோ என்ன ரேட்டுக்குக் குடுக்கிறீங்க சார்?" என்றார். விற்பதற்கில்லை என்றேன். அப்புறம் என்னை ஏன் மூன்று மாடி ஏற வைத்தீர்கள் என்று அவர் கேட்டது நியாயம்தான். டீக்குக் காசு கொடுத்தேன்.

இப்படி எடை போட்டுத்தான் எங்கள் பாட்டி காலத்தில் முன்னோர் எல்லாம் வீட்டை விட்டுப் போனார்கள். 1898-இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்துவைத்தார். எங்கள் பாட்டி அதற்கு மசியவில்லை, கை வைத்தால் நெளிகிறது என்று ஒதுக்கிவிட்டாள். எவர்சில்வர் வந்ததும் ஆடிப்போனாள். புளி வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், முகம் பார்க்கலாம். தெருவில் 'பழைய பாத்திரத்துக்கு எவர்சில்வர்' என்ற குரல் கேட்டால் போதும், பரணிலிருந்து ஒரு தலைமுறை இறங்கும். ஒரு கொள்ளுத் தாத்தா இரண்டு வாளிக்குப் போனார். அவர் தம்பியையும் தம்பி மனைவியையும் சேர்த்து ஒரு டிபன் கேரியர், அதற்கும் மேலே காசு கேட்டான் வியாபாரி. தவலை, கங்காளம், கூஜா, அடுக்கு, ஜோட்டித் தவலை எல்லாம் தராசில் ஏறி இறங்கி, எழுத்தோடு உலைக்குப் போயின. இந்த அண்டா மட்டும் தப்பியதற்குக் காரணம் பாசமில்லை. அவன் சைக்கிளில் அது உட்காரவில்லை.

எஞ்சியிருந்த ஒரே ஈயச்சொம்பு சித்தப்பா வீட்டில் இருந்தது, கொள்ளுப்பாட்டி பெயரோடு. புது மருமகள் அதை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போனாள். ஈயம் 232 டிகிரியில் உருகும். கொள்ளுப்பாட்டியும் அதே டிகிரியில்தான் போனாள். அடுப்பு மேடையில் வெள்ளையாக ஒரு தோசை மாதிரி கிடந்ததாம். "ரசமே வைக்கலையே அத்தை, வெறும் சொம்பைத்தானே வச்சேன்" என்று அந்தப் பெண் அழுதாளாம். ரசம் ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ரசம் வைக்கவும் சொல்லவில்லை.

கையால் செய்த பொருள் என்று பையன் கேட்டானே, அதைச் சொல்ல விட்டுப்போய்விட்டது. எழுத்துப் பைத்தியத்தில் ஒருவரும் அண்டாவைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், எறும்பு மருந்து போடுவதற்காக. இது ஒரே தகடு இல்லை. மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டையும் தனித்தனியாகத் தட்டி எடுத்து, ஒன்றின் ஓரத்தைப் பல்பல்லாக வெட்டி மற்றதின் ஓரத்தைக் கவ்வ வைத்து, வெங்காரமும் பொடியும் வைத்து உலையில் பற்றவைத்திருக்கிறார்கள். இடுப்பைச் சுற்றி அந்தப் பல் வரிசை, பித்தளையின் மஞ்சளை விட ஒரு நிறம் வெளுப்பாக, முழு வட்டமும் ஓடுகிறது. விரலால் தடவினால் ஏற்ற இறக்கம் தெரியவில்லை. நகத்தால் இழுத்தால் மட்டும் தட்டுகிறது. அடிப்பாகம் முழுக்கச் சுத்தியடி. நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வருகிறது, இடைவெளி ஒரே சீர். ஓர் இடத்தில் மட்டும் அடி மேல் அடி விழுந்து கொஞ்சம் கலங்கியிருக்கிறது. யாராவது கூப்பிட்டிருப்பார்கள், அல்லது கூலி பேச வந்திருப்பார்கள். எந்த ஊர்க் கன்னார் என்று தெரியாது. கும்பகோணம் என்று எல்லோரும் சொல்வார்கள், பித்தளை என்றால் கும்பகோணம் என்று சொல்வது நம் வழக்கம். இவ்வளவு வேலையும் செய்த மனிதர் தம் பெயரை எங்கும் வெட்டிக்கொள்ளவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார், தலைப்பெழுத்தோடு. இதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். 'நைஸ் டெக்ஸ்சர்' என்று அத்தை பேரன் எழுதினான். மற்றவர்கள் அதுவும் எழுதவில்லை, ஏனென்றால் அதில் அவர்கள் யாரும் இல்லை.

இனிமேல் நான் சொல்வதைக் கோபத்தில் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளலாம். போன வாரம் குழுவில் நேராகக் கேட்டேன்: எனக்கும் வயதாகிறது, பால்கனி சின்னது, முன்னோர் மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறதே, அண்டாவை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்? ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். அதுவரை மணிக்கு முப்பது செய்தி போட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சிக்னல் போய்விட்டது. பிறகு ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள், ஆலோசனையோடு. மியூசியத்துக்குக் கொடுக்கலாம். உள்ளே மண் போட்டு மணி பிளான்ட் வைக்கலாம். வாசலில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிட்டால் ரிச் லுக் கிடைக்கும். அந்த ஆலோசனை சொன்ன தங்கைக்கு நான்கு படுக்கையறை வீடு, வாசலும் பெரிசு. "எங்க இன்டீரியருக்கு செட் ஆகாதுண்ணா" என்றாள். வம்சம் எல்லோருக்கும் வேண்டும். அண்டாதான் ஒருவருக்கும் வேண்டாம்.

வேண்டாம் என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும், தேய்க்கிறவன் நான். புளியும் உப்பும் கரைத்துப் போட்டு, தேங்காய் நாரால் அரை நாள் தேய்த்தால் ஒரு பக்கம் பளபளக்கும். மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் கறுக்க ஆரம்பிக்கும். வேலைக்கு வரும் அம்மா, அண்டா என்றால் தனிச் சம்பளம் என்று முதல் நாளே பேசிவிட்டார். மாடிப்படி நடையில் வைத்தேன். தீப்பிடித்தால் ஓடுகிற வழியில் தடை என்று குடியிருப்புச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டினார். லிஃப்டில் ஏறாது. இது முதல் முறை மாடிக்கு வந்தபோது தூக்கி வந்த இரண்டு ஆட்களில் ஒருவர் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து என் குலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். எங்கள் முன்னோரைப் பற்றி இதுவரை நான் கேட்டவற்றில் ஓரளவு உணர்ச்சியோடு சொல்லப்பட்டது அதுதான்.

இதற்கிடையில் சித்தப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தமிழ் எண் விவகாரம் அவருக்கும் எப்படியோ எட்டிவிட்டது. ஆனால் 'ய ரு'வை அவர் தொடவில்லை, நேராக மேலே போய்விட்டார். அண்டாவின் தலையில் இருக்கும் 'உ' பிள்ளையார் சுழி என்று இவ்வளவு நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். அது பிள்ளையார் சுழி இல்லை, இரண்டு என்றார். அதாவது இது இரண்டாம் எண் அண்டா. அப்படியானால் ஒன்றாம் எண் எங்கே?

இந்தக் கேள்வி வந்த அன்றைக்குக் குழுவில் யாரும் தூங்கவில்லை. ருக்மணிப் பாட்டி, கஞ்சி, பஞ்சம் எல்லாம் ஒரே இரவில் மறந்துபோயிற்று. இரண்டாவதை வைத்திருப்பவனே இவ்வளவு அலட்டிக்கொள்கிறான், முதல் அண்டாவை அமுக்கியவர்கள் எப்படி வாயே திறக்கவில்லை? பாகம் பிரித்தபோது யார் யாருக்கு என்ன போயிற்று என்று பட்டியல் கேட்டார்கள். பட்டியலில் அண்டா ஒருமையில் இருக்கிறதா பன்மையில் இருக்கிறதா என்று அலசினார்கள். வேண்டாம் என்று ஒருவரும் தொடாத அண்டாவுக்குச் சோடி ஒன்று உண்டென்றதும் பங்கு கேட்க ஒன்பது பேர் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் எல்லோர் பார்வையும் திருச்சிப் பக்கம் திரும்பியது, ஏனென்றால் எங்கள் அண்டாவின் மூடி அங்கேதான் இருக்கிறது. மூடி போன இடத்துக்கு அண்டாவும் போயிருக்கலாம் அல்லவா?

பெரியம்மாவோடு பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூடியில் என்ன எழுத்து இருக்கிறது, எண் ஒன்றா இரண்டா, ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று பணிவாகக் கேட்டேன்.

"அனுப்பறேன்டா. அதுக்கென்ன. உன் தங்கை வளைகாப்புக்கு எங்காத்து இட்லிக் குண்டானை வாங்கிண்டு போனாளே உங்கம்மா, அது முதல்ல வரட்டும்."

அந்தத் தங்கையின் மகளுக்கே போன வருஷம் வளைகாப்பு நடந்துவிட்டது என்றேன்.

"வட்டி கேக்கலையேடா நான். குண்டானைத்தான் கேக்கறேன். உள்தட்டு நாலும் சேர்த்து."

வைத்துவிட்டார். இரண்டு நாளாகப் பரணில் ஏறி இட்லிக் குண்டான் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று கிடைத்திருக்கின்றன, ஒன்றில்கூட குழிக்குள் எழுத்து இல்லை. என் மனைவி மூன்றிலும் மாவு ஊற்றிப் பார்த்துவிடலாம் என்கிறாள்.